சிற்றலையில் கேட்கும் ராணுவக் குரல் யாருடையது? செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிற்றலைப் பெட்டி வாங்கிய புதிதில் எல்லோரும் வானொலி நிலையங்களைத்தான் தேடுவார்கள். கொஞ்ச நாள் போனதும் நிலையங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் காது நிற்க ஆரம்பிக்கும். ஓரிடத்தில் ஒருவர் அமெரிக்க உச்சரிப்பில் எழுத்துகளையும் எண்களையும் மட்டும் நிதானமாக வாசித்துக்கொண்டிருப்பார். இன்னோரிடத்தில் ஒரே ஒரு மோர்ஸ் எழுத்து விடாமல் வந்துகொண்டிருக்கும். வேறெங்கோ ஒரு விமானி "மெயின்செயில், மெயின்செயில்" என்று யாரையோ கூப்பிடுவார். இவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் புதிதாகக் கேட்கத் தொடங்கியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால்சைன் என்கிற அழைப்புக்குறி, கடைசியாக நம்ப வேண்டிய சாட்சி. எந்த அலைவரிசை, எந்த முறையில் பேசுகிறார்கள், என்ன நேரம், பேச்சின் ஒழுங்கு எப்படி என்று நான்கையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் பெயருக்கு வர வேண்டும். புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரைக் கேட்டதும் இணையத்தில் தேடி, முதலில் வருவதையே முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எது கேட்காது, எதைக் கேட்க வேண்டாம்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்தது. அதிலிருந்து, "தலைக்கு மேல போகுதே, அதைக் கேட்க முடியுமா?" என்பதுதான் நம் பக்கத்தில் வரும் முதல் கேள்வி. முடியாது. போர் விமானங்கள் தளத்தோடும் தங்களுக்குள்ளும் பேசுவது பெரும்பாலும் சிற்றலைக்கு மிக மேலே உள்ள வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகளில். அவை நேர்கோட்டில் போவதால் தூரமும் எட்டாது. சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. வானத்தின் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, கடல் தாண்டி வரக்கூடியது அது. ஆகவே நமக்குக் கேட்பது கடல் கடந்து போகும் சரக்கு விமானங்களும், அயல்நாட்டுக் கடற்படைத் தளங்களும், கண்டம் விட்டுக் கண்டம் செய்தி அனுப்பும் வலைப்பின்னல்களும்தான்.

அடுத்தது சட்டம். பொதுமக்களுக்கென்று ஒலிபரப்பாகாத எதையும் அனுமதியில்லாமல் இடைமறிப்பதையும் வெளியிடுவதையும் தடுக்கும்படி, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 17ஆம் பிரிவு நாடுகளுக்குச் சொல்கிறது. நம் நாட்டில் அரசு ரகசியச் சட்டம் 1923ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எனவே என் கட்டுப்பாடு கறாரானது: நம் படைகளின் பேச்சு என்று தெரிந்தால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். குறிப்பு எடுப்பதும் வேண்டாம், பதிவு செய்வதும் வேண்டாம். அயல்நாட்டுப் பேச்சிலும் உள்ளடக்கத்தை ஊருக்குச் சொல்லாதீர்கள். ஒலிபரப்பும் கருவி எதையும் உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. தொண்டி, மண்டபம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டி வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. கம்பியைப் பார்த்து யாராவது கேட்டால் காட்ட ஆகும்.

கேள்வி கட்டாயம் வரும். "என்ன தம்பி, மாடியில புதுசாக் கொடி கட்டியிருக்கீக, துணி ஒண்ணையும் காணோமே?" என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டால், "ரேடியோவுக்கு ஏரியல், ஆச்சி. கேக்குறதுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்கிற வேலை இல்லை இது.

பெட்டி, கம்பி, இரைச்சல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் மர்ஃபி, பிலிப்ஸ் வால்வு ரேடியோக்கள் கிடைக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். இந்த வேலைக்கு உதவாது. ராணுவமும் விமானங்களும் பயன்படுத்துவது எஸ்.எஸ்.பி. என்ற ஒற்றைப் பக்கப்பட்டை முறை. சாதாரண வானொலியில் அந்தப் பேச்சு வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். மோர்ஸாக இருந்தால் ஒலியே வராமல் வெறும் மூச்சு வாங்கும் சத்தம் வரும். பெட்டியில் எஸ்.எஸ்.பி. பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டெக்சன் பி.எல்.-330, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 போன்றவற்றில் இருக்கிறது. கணினி பழகியவர்களுக்கு, அதில் செருகிக் கேட்கும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற வாங்கிக் குச்சி மலிவு, அலைகளைத் திரையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

கம்பிக்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பி பத்துப் பதினைந்து மீட்டர் போதும். நம் வீடுகள் நீளமானவை, அது ஒரு வசதி. முகப்பு மாடியில் ஒரு முனையைக் கட்டி, வளவுக்கு மேலாக இரண்டாம் கட்டு வரை இழுத்துவிடலாம். சுவரில் ஓடும் மின் கம்பிகளுக்கு இணையாக மட்டும் இழுக்காதீர்கள். பெட்டியை உள்ளே பட்டாலையில் வைத்துக்கொண்டு அதன் குட்டி ஏரியலை நீட்டினால், அந்தச் சுண்ணாம்புச் சுவர்களின் கனத்தில் பாதி சமிக்ஞை போய்விடும்.

இரைச்சல்தான் உண்மையான எதிரி. எல்.இ.டி. பல்பு, கைபேசி சார்ஜர், செட்டாப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக இன்வெர்ட்டர். பேட்டரியில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். எது கத்துகிறது என்று தெரிந்துவிடும். மின்தடை வந்தால் கொண்டாட்டம்தான், ஆனால் அந்த நேரத்தில் உங்கள் வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்தால்தான் பலன். தெரு முழுக்க அடங்கியிருக்கும் அந்த அரை மணியில், மற்ற நாளில் எட்டாத நிலையங்கள் வரும்.

கடிகாரம் ஒன்றை உலகப் பொது நேரத்துக்கு வைத்துவிடுங்கள். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் அது. ராணுவக்காரர்கள் "ஸூலு" என்று சொல்வது இந்த நேரத்தைத்தான். இரவு 7.12 என்றால் 1342 ஸூலு. நோட்டில் ஒரே நேரக் கணக்கு இருக்கட்டும், இரண்டையும் கலந்தால் பின்னால் ஒன்றும் புரியாது.

காதைப் பழக்குவது

நேராக ராணுவத்துக்குப் போகாதீர்கள். முதல் சில வாரங்கள் சிவில் விமானப் பேச்சைக் கேளுங்கள். 6676, 11387 கிலோஹெர்ட்ஸில் வோல்மெட் எனப்படும் விமான வானிலை அறிக்கை வரும். மும்பை, கொல்கத்தா, பாங்காக், கராச்சி என்று ஒவ்வொரு நிலையமும் தனக்குரிய நிமிடங்களில் வாசிக்கும். அடுத்து 8879. இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் விமானங்கள் மும்பையோடு பேசும் அலைவரிசைகளில் இதுவும் ஒன்று. 10018இலும் மும்பை கேட்கும். எல்லாம் யு.எஸ்.பி. முறை, அதாவது மேல் பக்கப்பட்டை.

இதில் இரண்டு பாடம் கிடைக்கும். ஒன்று எழுத்து உச்சரிப்பு. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று போகும் அந்த வரிசை 1956இல் நடைமுறைக்கு வந்தது. அதை மனப்பாடம் செய்யாமல் இந்த வேலை நடக்காது. எண்களையும் கவனியுங்கள்: மூன்று "ட்ரீ", நான்கு "ஃபோவர்", ஐந்து "ஃபைஃப்", ஒன்பது "நைனர்". இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது பாடம் அழைக்கும் ஒழுங்கு. கூப்பிடப்படுபவர் பெயர் முன்னே, கூப்பிடுபவர் பெயர் பின்னே. "மும்பை, மும்பை, திஸ் இஸ் இன்னார்" என்றால் பேசுவது இன்னார், மும்பை அல்ல. மோர்ஸிலும் இதே ஒழுங்குதான், நடுவில் "டி.இ." என்ற இரண்டெழுத்து வரும். எளிய விஷயம்தான், ஆனால் புதியவர்கள் நோட்டுகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. முதலில் காதில் விழுந்த பெயரையே பேசுபவர் பெயராக எழுதிவிடுகிறார்கள்.

பக்கப்பட்டையும் ஒரு துப்பு. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஹாம் நண்பர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள், எல்.எஸ்.பி. என்ற கீழ்ப் பக்கப்பட்டையில் பேசுவார்கள். 7000 முதல் 7200 வரை மாலையில் தமிழில்கூட அரட்டை கேட்கும். ராணுவமும் விமானமும் ஏறக்குறைய எப்போதும் மேல் பக்கப்பட்டை. ஆகவே எல்.எஸ்.பி.யில் தெளிவாகக் கேட்கிற குரலைப் படை என்று நினைக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

பெயர்களின் வகை

படைகளின் கால்சைன்களைப் புரிந்துகொள்ள அவற்றை வகை பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, நாட்டு முன்னெழுத்தில் தொடங்குவது. பன்னாட்டு ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் எழுத்து வரிசை ஒதுக்கியிருக்கிறது. இந்தியாவுக்கு ஏ.டி. (AT) முதல் ஏ.டபிள்யூ. வரை, வி.டி. (VT) முதல் வி.டபிள்யூ. வரை, 8டி (8T) முதல் 8ஒய் வரை. நம் ஹாம்கள் வி.யு.வில் தொடங்குவதும், இந்தியப் பயணிகள் விமானங்களின் வாலில் வி.டி. என்று இருப்பதும் இதனால்தான். திருநெல்வேலி விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்தின் குறி வி.டி.எக்ஸ். நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. 18.2 கிலோஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்வதால் நம் சிற்றலைப் பெட்டி அவ்வளவு கீழே இறங்காது.

மற்ற முன்னெழுத்துகளை நினைவில் வைக்க நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. நம் ஐயாக்கள் கொண்டுவிக்கப் போன ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பர்மா எக்ஸ்.ஒய்., எக்ஸ்.இசட். இலங்கை 4பி (4P) முதல் 4எஸ் வரை. மலேசியா 9எம், 9டபிள்யூ. சிங்கப்பூர் 9வி. சைகோன் இருக்கும் வியட்நாம் 3டபிள்யூ, எக்ஸ்.வி. அந்தக் கணக்கில் சேராத பெரிய நாடுகள் கொஞ்சம்: அமெரிக்கா கே., என்., டபிள்யூ. மற்றும் ஏ.ஏ. முதல் ஏ.எல். வரை, பிரிட்டன் ஜி., எம்.; ரஷ்யா ஆர். மற்றும் யு.ஏ. முதல் யு.ஐ. வரை; சீனா பி. (B); பிரான்ஸ் எஃப். இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியாவிலுள்ள அமெரிக்கக் கடற்படையின் குறி என்.கே.டபிள்யூ. என்பது இந்தக் கணக்கில் அழகாகப் பொருந்தும்.

இரண்டாம் வகை, ஒரு சொல்லும் எண்ணும். இவை சிவில் வழித்தடத்தில் போகும் ராணுவச் சரக்கு விமானங்கள். "ரீச்" என்றால் அமெரிக்க விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவு. "அஸ்காட்" பிரிட்டிஷ் விமானப்படை. "ஆஸி" ஆஸ்திரேலியா, "கான்ஃபோர்ஸ்" கனடா, "கோட்டாம்" பிரான்ஸ், "கான்வாய்" அமெரிக்கக் கடற்படையின் சரக்கு விமானங்கள். இரைச்சலில் அஸ்காட் "எஸ்கார்ட்" என்று காதில் விழும். கான்வாயை ஏதோ வண்டி வரிசையைப் பற்றிய பேச்சு என்று விட்டுவிடத் தோன்றும். அதற்குப் பின்னால் எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது பெயர்தான். புதியவர்களுக்கு மிகச் சுலபமான வேட்டை இது. 8879ஐப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், பயணிகள் விமானங்களுக்கு நடுவே இப்படி ஒன்று வந்து, இடம், நேரம், உயரம் எல்லாம் மற்றவர்களைப் போலவே மும்பைக்குச் சொல்லிவிட்டுப் போகும்.

மூன்றாவது, கூட்டுப் பெயர். தொடக்கத்தில் சொன்ன "மெயின்செயில்" இந்த வகை. அது ஒரு விமானமோ தளமோ இல்லை. அமெரிக்க விமானப்படையின் உலகளாவிய வலைப்பின்னலில் "எந்தத் தரைநிலையம் கேட்டாலும் பதில் சொல்லுங்கள்" என்று கூப்பிடும் பொதுப்பெயர்.

நான்காவது, தினமும் மாறும் பெயர். ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லாக இருக்கும், நாளைக்கு வேறாகிவிடும். இதைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது, மாற்றுவதே அதற்காகத்தான். எழுதிவைத்துக்கொண்டு நகருங்கள்.

8992, 11175: எழுத்து வாசிக்கும் குரல்

அந்த அமெரிக்க வலைப்பின்னலில் கொஞ்சம் நின்று கேட்கலாம், ஏனென்றால் புதியவர்கள் முதலில் பிடிக்கும் ராணுவக் குரல் பெரும்பாலும் இதுதான். 4724, 8992, 11175, 15016 ஆகியவை முக்கிய அலைவரிசைகள். பகலில் மேலே உள்ளவற்றையும் இருட்டிய பிறகு 8992ஐயும் முயலுங்கள். பகலில் அலை உயரமாகவும் இரவில் தாழ்வாகவும் இருக்க வேண்டும் என்பது சிற்றலையின் பொது விதி.

கேட்பது இப்படி இருக்கும். ஆறு எழுத்து, எண் கலந்த ஒரு தொடர். அதையே மூன்று முறை சொல்வார். "ஸ்டாண்ட் பை." சிறு இடைவெளி. பிறகு அந்த ஆறில் தொடங்கி முழுச் செய்தி, பெரும்பாலும் முப்பது எழுத்து. மறுபடி ஒரு முறை. கடைசியில் "திஸ் இஸ் ஆண்ட்ரூஸ், அவுட்" என்பது போல முடியும். இதை அவசர நடவடிக்கைச் செய்தி என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கோ எனக்கோ தெரிய வழியில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. நமக்கு வேண்டியது கடைசிச் சொல்.

அந்தக் கடைசிச் சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்ட்ரூஸ் என்றால் வாஷிங்டன் அருகே உள்ள தளம். ஆனால் நாம் கேட்கும் அலை அங்கிருந்துதான் புறப்பட்டது என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் உட்கார்ந்து பேசும் குரலை குவாம், ஹவாய், டியாகோ கார்சியா, அசென்ஷன் என்று பல இடங்களில் உள்ள ஒலிபரப்பிகள் ஒரே நேரத்தில் அனுப்பும். காதை நன்றாகக் கொடுத்தால் குரலுக்குப் பின்னாலேயே இன்னொரு குரல் எதிரொலி போல வரும். இரண்டு ஒலிபரப்பிகள் வெவ்வேறு தூரத்திலிருந்து வந்து சேர்வதன் அடையாளம் அது. ஆகவே நோட்டில் "ஆண்ட்ரூஸ் கேட்டது" என்று எழுதாதீர்கள். "ஆண்ட்ரூஸ் என்று சொன்னது; எதிரொலி இருந்தது" என்று எழுதுங்கள். இரண்டுக்கும் பல ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கலாம்.

ஒரு விமானம் கூப்பிட்டால் பேச்சு இன்னும் சுவாரசியமாக இருக்கும். "மெயின்செயில், மெயின்செயில், திஸ் இஸ் ரீச் ஃபோவர் டூ செவன்" என்று வந்தால் (எண் நான் சும்மா போட்டது), ரீச் 427 யாரையாவது தேடுகிறது. தரையிலிருந்து பதில் வரும், தொலைபேசி இணைப்போ வானிலையோ கேட்பார்கள். விமானம் தெளிவாகக் கேட்டு, தரை கேட்காமல் போகலாம், மறுபக்கமும் நடக்கும். பாதிப் பேச்சு மட்டும் கிடைத்தால் பாதியை மட்டும் எழுதுங்கள்.

மோர்ஸ்: ஓரெழுத்து நிலையங்கள்

மோர்ஸ் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். எட்டே எழுத்தில் தொடங்கலாம். பெட்டியை யு.எஸ்.பி.யில் 7038.0 கிலோஹெர்ட்ஸில் வைத்து இரவில் கேளுங்கள். ரஷ்யக் கடற்படையினுடையவை என்று கேட்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஓரெழுத்து நிலையங்கள் இங்கே ஒன்றை ஒட்டி ஒன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒன்றுக்கொன்று 0.1 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி.

இதன் அழகு என்னவென்றால், மோர்ஸ் தெரியாவிட்டாலும் சுருதியை வைத்தே ஆளைப் பிடிக்கலாம். 7038.7இல் இருப்பது டி. (D), செவஸ்தபோல். நம் பெட்டி 7038.0இல் இருப்பதால் அது 700 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒலிக்கும். அடுத்த படியில் பி. (P), கலினின்கிராட், 800. 900இல் எஸ்., ரஷ்யாவின் வடக்கு. 1000இல் சி., மாஸ்கோ. 1100இல் ஏ., அஸ்த்ரகான். 1200இல் எஃப்., விளாதிவஸ்தோக். 1300இல் கே., கம்சாத்கா. 1400இல் எம்., மகதான். கைபேசியில் வீணைக்குச் சுருதி சேர்க்கும் செயலி இருந்தால் அதைப் பெட்டியின் முன் பிடித்துப் பாருங்கள், எண்ணே காட்டும். பெட்டியின் அளவு சற்றுத் தள்ளியிருந்தால் எல்லாமே ஒரே அளவு தள்ளித் தெரியும். அப்போது எழுத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நீண்ட ஒலியை நெடில், குட்டை ஒலியைக் குறில் என்று வைத்துக்கொண்டால், டி. என்பது நெடில் குறில் குறில், கே. நெடில் குறில் நெடில், எம். இரண்டு நெடில், எஸ். மூன்று குறில்.

எல்லாம் ஒரே நேரத்தில் கேட்காது. நமக்கு இருட்டத் தொடங்கும்போது கிழக்கே ஏற்கெனவே இரவு. அதனால் எஃப்., கே., எம். பெரும்பாலும் முதலில் வரும். நேரம் ஏற ஏற மேற்கில் இருக்கும் டி., சி. தலைகாட்டும். எந்தத் திசை திறந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. அவர்களும் அதற்காகத்தான் இவற்றை இயக்குகிறார்கள் என்பதே பொதுவான கருத்து. 8495, 10872, 13528 ஆகியவற்றை ஒட்டியும் இதே வரிசை உண்டு.

மோர்ஸில் கொஞ்சம் தேறியவர்களுக்கு இரண்டு துப்பு. மூன்று வி. எழுத்துகள் மறுபடி மறுபடி வந்து, டி.இ. வந்து, பின் ஒரு பெயர் வந்தால், அது தான் இருக்கிறேன் என்று காட்டும் நிலையம். நெடில் நான்கு சேர்ந்தாற்போல ஒரே எழுத்தாக வந்தால் அது ஆங்கில எழுத்தில்லை, ரஷ்ய எழுத்து. கேள்விக்கு கியூ.வில் தொடங்கும் சுருக்கங்களை எல்லோரும் பயன்படுத்துவார்கள், இசட்.டில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் வந்தால் படை என்று சந்தேகிக்கலாம்.

முன்னெழுத்துப் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இங்கேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மோர்ஸில் "3ஏ7டி டி.இ. டி.கே.ஜி.6" (3A7D DE DKG6) என்று ஒரு நிலையம் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டிருக்கிறது. பட்டியலைத் திறந்தால் 3ஏ என்பது மொனாக்கோ, டி.கே. ஜெர்மனி. மொனாக்கோவை ஜெர்மனி கூப்பிடுகிறதா? கேட்பவர்கள் இதைச் சீன ராணுவத்தின் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். படைகள் ஒன்றியத்தின் பட்டியலுக்குக் கட்டுப்பட்டுப் பெயர் வைப்பதில்லை, கலந்து கட்டி உண்டாக்கிக்கொள்வார்கள். எண், எழுத்து மாறி மாறி வரும் நான்கெழுத்துப் பெயர் கிடைத்தால், அது எந்த நாட்டு முன்னெழுத்து என்று பார்ப்பதில் நேரம் வீணாக்காதீர்கள்.

ரஷ்யக் குரல் நிலையங்களில் புகழ் பெற்றது 4625இல் விடாமல் ரீங்கரிக்கும் நிலையம். 2010 வரை அதை யு.வி.பி.-76 என்றார்கள், அப்புறம் மிகயில், திமித்ரி, ஷென்யா, பரீஸ் என்ற பெயர்களின் முதலெழுத்துகள் அதன் குறியாயின. பின்னரும் மாறியிருக்கிறது. நம் ஊரில் இரைச்சலை மீறி அதைப் பிடிப்பது சிரமம்.

கணினிக்குச் சொல்லும் பெயர்

சிற்றலையில் இரண்டு மூன்று நொடி கொப்பளிப்பது போல ஒரு சத்தம் வந்து போகும். அது ஏ.எல்.இ., தானியங்கி இணைப்பு முறை. ஒரு நிலையம் "நான் இன்னார்" என்று தன் பெயரை எட்டுச் சுருதிகளில் அனுப்புகிறது. பெட்டியின் ஒலியைக் கணினிக்குக் கொடுத்து மல்டிபிஎஸ்கே போன்ற மென்பொருளை ஓடவிட்டால் பெயர் எழுத்தாக வரும். 11226இலோ 9025இலோ ஜே.டி.ஜி. என்று தொடங்கி வந்தால் டியாகோ கார்சியா. ஏ.டி.டபிள்யூ. ஆண்ட்ரூஸ், ஜி.யு.ஏ. குவாம், எச்.ஐ.கே. ஹவாயில் உள்ள ஹிக்கம். காது ஏமாறலாம், இதில் எழுத்து மாறாது. ஆகவே புதியவர்களுக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஆனால் ஏ.எல்.இ. கேட்டாலே படை என்று எண்ண வேண்டாம். ஐ.நா. அமைப்புகள், நிவாரணக் குழுக்கள், பல நாட்டுக் காவல் துறைகளும் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

பிரெஞ்சுக் கடற்படை தட்டச்சு முறையில் சோதனை வரி அனுப்பும். அதில் எஃப்.யு.எக்ஸ். என்று வந்தால் ரீயூனியன் தீவு, நமக்குத் தெற்கே மேற்காக இந்தியப் பெருங்கடலில்தான். இடைவிடாமல் அருவி போல ஒரே இரைச்சலாக ஓடுபவற்றிலும், டகடகவென்று அலைவரிசையை அடைத்துக்கொண்டு வரும் ரேடார்களிலும் பெயர் கிடைக்காது. அவற்றை விட்டுவிடுங்கள்.

நோட்டில் எழுதும் முறை

பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கேட்டது மட்டும், வலப்பக்கம் நீங்கள் நினைப்பது. மாதிரிக்கு ஒன்று: இடப்பக்கம், "1342, 8879, யு.எஸ்.பி., ஆண்குரல், பிரிட்டிஷ் உச்சரிப்பு, மும்பையைக் கூப்பிட்டார், அஸ்காட் அல்லது எஸ்கார்ட், பின்னால் நான்கு எண், மூன்றாவது தெளிவில்லை." வலப்பக்கம், "பிரிட்டிஷ் விமானப்படைச் சரக்கு விமானமாக இருக்கலாம்." அதன் பக்கத்தில் ஒரு குறி: உறுதி, அநேகமாக, ஊகம். இந்த மாதிரியில் அலைவரிசை பொருந்துகிறது, முறை பொருந்துகிறது, எண் அமைப்பு பொருந்துகிறது, உச்சரிப்பும் பொருந்துகிறது. பெயரில் மட்டும் சந்தேகம். "அநேகமாக" போடலாம். பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டு மற்றவை பொருந்தாவிட்டால், நான் "ஊகம்" என்றுதான் போடுவேன்.

தெளிவில்லாத எழுத்துக்குக் கோடு போட்டு விடுங்கள். நிரப்பாதீர்கள். அதே அலைவரிசையில் மறுநாள் அதே நேரம் மறுபடி கேளுங்கள். திரும்ப வந்தால் நிலையம், வராவிட்டால் வழிப்போக்கன்.

சந்தேகம் தீர இணையத்தில் உலகெங்கும் கிவிஎஸ்டிஆர் வாங்கிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வாங்கியும் இருக்கிறது. நீங்கள் கேட்ட நேரத்திலேயே சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள வாங்கியில் அதே அலைவரிசையைத் திறந்து, எங்கே பலமாக வருகிறது என்று ஒப்பிடலாம். 4625ஐயும் இப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் அங்கே கேட்டதைச் சொந்தப் பெட்டியில் கேட்டதாக எழுதாதீர்கள், அதற்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

மார்கழி, தை, மாசி இரவுகள் இந்த வேலைக்குத் தோது. சித்திரை வைகாசியில் மாலை இடியும், ஐப்பசி கார்த்திகையில் மழையும் சேர்ந்து கீழ் அலைவரிசைகளைப் பொரித்துவிடும். வானம் இருண்டு தெற்கே மின்ன ஆரம்பித்தால், சத்தம் கேட்கும் வரை காத்திருக்காமல் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி, முனையைச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மொட்டைமாடியில் ஏறி அவிழ்க்கப் போகாதீர்கள். கணினியோடு இணைத்த குச்சியாக இருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.